காந்தம் ஒட்டாத கதவு

படகில் தனக்கிருந்த பங்கை விற்று, வாடகைக்கு ஓட்டலாமென்று பழைய அம்பாசடர் ஒன்றை வாங்கியிருந்தான் தமிழ்வேந்தன். அதைப் புதுப்பிக்க வந்த பொன்னேரி மெக்கானிக் சுஹைல், கதவில் ஒரு காந்தத்தை வைத்தார். அது வழுக்கி விழுந்தது.

"தகரம் இருந்தா காந்தம் ஒட்டும்ணே. ஒட்டலன்னா, தகரம் துருப்பிடிச்சு இத்துப்போயி மேல எதையோ பூசியிருக்கான்னு அர்த்தம். பாக்காமலா வாங்கினீங்க?"

"மச்சான் சுபாஷ்தான் பாத்தான். கண்ண மூடிக்கினு வாங்கு மாமான்னான்."

சுஹைல் பெயின்ட்டைச் சுரண்டினார். துரு தின்ற ஓட்டையை, நீலப் பிசினில் தோய்த்த ஃபைபர் துணி அடைத்திருந்தது.

"படகுல ஓட்டை அடைக்கிறவன் வேலைண்ணே. விக்கிறதுக்காக மறைச்சிருக்கான்."

டீ கொண்டுவந்த மனைவி வளர்மதி குனிந்து பார்த்தாள்.

"நம்ம படகுக்கு என் தம்பி சுபாஷ் ஒட்டின அதே நீலமாச்சே. மிச்சம் வெச்சிருப்பான், கூப்பிடவா?"