கார் ஷெட்டுக்கு ஏசி

“யாருக்கு இந்த ஏசி, நொலீன்? உங்க பழைய காருக்கா?”

“ஆமா கெல்வின். அதுக்கு ரொம்ப வேர்க்குது.”

எதிர்வீட்டு கெல்வினுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆஸ்திரேலியாவின் ரென்மார்க் ஊரில் அன்று நாற்பத்து மூன்று டிகிரி. திராட்சைத் தோட்டக்காரர்களே வேலையை நிறுத்திவிட்டு வீட்டில் கிடந்தார்கள். அந்த உச்சி வெயிலில் தெருவைத் தாண்டி வந்தவனை நொலீன் ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. ஷெட்டின் கதவை முதுகால் சாத்திக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

அந்தத் தெருவில் எல்லார் கூரையிலும் சோலார் உண்டு. வீட்டுச் செலவு போக மிஞ்சும் கரண்டைக் கம்பெனிக்கு விற்பார்கள். ஆரம்பத்தில் யூனிட்டுக்கு நாற்பத்து நாலு சென்ட் கொடுத்த கம்பெனி, போன கோடையில் இனி மூன்று சென்ட்தான் என்று கடிதம் போட்டது. மற்றவர்கள் முணுமுணுத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டார்கள். நொலீன் கடிதத்தைக் கிழித்துப் போட்டாள். நேரே கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய ஏசியாக வாங்கி வந்து ஷெட்டில் மாட்டினாள்.

தெருவே சிரித்தது. கெல்வினுக்கு மட்டும் வயிறு எரிந்தது.

“மூணு சென்ட்டுன்னாலும் காசு காசுதானே? எங்க வீட்டைப் பாருங்க. காலைல பத்துல இருந்து சாயங்காலம் நாலு வரைக்கும் ஃபேன்கூட ஓடாது. அத்தனையும் லைனுக்குத்தான். போன தடவை எனக்கு பில்லு பாதிதான் வந்துச்சு, தெரியுமா?”

“கொடுத்து வச்சவன்.”

“திமிர் பிடிச்சு இப்படி வீணாக்குறீங்களே.”

“என் கூரை, என் வெயில். என்கிட்ட மூணு சென்ட்டுக்கு வாங்கி, பொழுது சாஞ்சா உனக்கே நாப்பது சென்ட்டுக்கு விப்பாங்க. அந்தப் பொழப்புக்கு நான் ஒரு யூனிட்கூடத் தர மாட்டேன். போய்ச் சொல்லு.”

ஊர்க் கவுன்சிலில் புகார் கொடுப்பேன் என்றான் கெல்வின். ஷெட்டில் சட்டத்துக்கு மாறாக யாரையோ குடிவைத்திருக்கிறாள் என்று எழுதிப்போட்டால் ஏசியைக் கழற்ற வைத்துவிடுவார்கள், ஒன்பது பேர் கையெழுத்துப் போடத் தயார் என்றான். அப்படி உள்ளே என்னதான் இருக்கிறது என்று கதவில் கைவைத்தான்.

“கையை எடு,” என்றாள் நொலீன். “கவுன்சில் ஆள் வரட்டும், திறந்து காட்டுறேன். உனக்குத் திறக்க மாட்டேன்.”

இப்படி ஒரு பிடிவாதக்காரியை ஊரில் பார்த்ததில்லை என்று திட்டிக்கொண்டே அவன் போனான். அவன் வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை அவள் வெயிலிலேயே நின்றாள். பிறகு உள்ளே போய்த் தாழ் போட்டாள்.

ஏசிக்கு நேரே, சாய்வு நாற்காலியில், எண்பத்தாறு வயதுக் கிழவர் ஒருவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கிளப்புக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, தினமும் பின்வாசல் வழியாக இங்கே வந்துவிடுபவர் அவர்.

“போயிட்டானா என் மகன்?” என்று கேட்டார்.