அஞ்சு மூட்டைச் சீட்டு

"மிச்ச அஞ்சு மூட்டை எங்கே போச்சு?"

மேலாளர் முன்னால் கேட்டது கெமிஸ்ட் மேடம். தொட்டிக்காரர் கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார்.

அது பேட்டரி தொழிற்சாலை. மிஞ்சும் கந்தக அமிலத்தைத் தொட்டியில் பிடித்து, காஸ்டிக் சோடா கொட்டி முறித்த பிறகுதான் வெளியே விடலாம். எத்தனை மூட்டை என்று காலையில் சீட்டு எழுதுவது மேடம். கொட்டிவிட்டு, சாயங்காலம் சீட்டை மேடத்தின் மேஜையில் திருப்பி வைப்பது தொட்டிக்காரர்.

"நான் எழுதினது அஞ்சு. நீங்க ஸ்டோர்ல எடுத்தது பத்து. நான் வேலைக்கு வந்த மூணு வாரமும் இதே கதை. சார், இந்தச் சீட்டுங்களைப் பாருங்க. எல்லாத்துலயும் ஈரக்கறை வேற!"

மேலாளர் சீட்டுகளை வாங்கிப் புரட்டினார்.

"என்னய்யா இது?"

"எடுத்தது நான்தான் சார். எல்லாத்தையும் தொட்டியிலதான் போட்டேன்."

"அஞ்சு போதும்கிற இடத்துல பத்தா?" மேடத்துக்குக் கோபம் தலைக்கேறியது. "யார் காதுல பூ சுத்துறீங்க?"

மேலாளர் பெருமூச்சு விட்டார். "பதினெட்டு வருஷ சர்வீஸ். இப்படிப் பேரைக் கெடுத்துக்கிட்டியேப்பா. மேடம், கணக்கை அந்த போர்டுல போடுங்க. அஞ்சுதான்னு வந்துச்சுன்னா, இவர் இன்னிக்கே வீட்டுக்குப் போகட்டும்."

அதற்கென்ன? மேடம் விறுவிறுவென்று சமன்பாட்டை எழுதினார். இந்தப் பக்கம் அமிலமும் காஸ்டிக்கும். அந்தப் பக்கம் உப்பும் தண்ணீரும்.

இரண்டு பக்கமும் சரிபார்த்தார். அந்தப் பக்கம் சோடியம் இரண்டு. இந்தப் பக்கம் ஒன்றுதான். காஸ்டிக்குக்கு முன்னால் ஒரு '2' போட்டார்.

சாக்பீஸ் அங்கேயே நின்றுவிட்டது.

ஒரு மோல் அமிலத்துக்கு இரண்டு மோல் காஸ்டிக். மூன்று வாரமாக அவர் போட்டுவந்த கணக்கு, ஒன்றுக்கு ஒன்று; அதாவது, வேண்டியதில் பாதி.

"என்ன மேடம், அஞ்சுதானே?"

மேலாளருக்கு இந்தச் சமன்பாடெல்லாம் புரியாது. 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அதற்குள் தொட்டிக்காரர் முந்திக்கொண்டார். "மேடம் கணக்கு சரிதான் சார். நான்தான் பயத்துல கூடக் கொட்டிட்டேன்."

மேடம் கூனிக்குறுகிப் போனார்.

"இல்ல சார். பத்துதான் சரி. தப்பு என்னோடது. நான் எழுதின மாதிரியே கொட்டியிருந்தா, இந்நேரம் அமிலம் வாய்க்கால்ல ஓடியிருக்கும்."

மேலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சாயங்காலம் என் ரூமுக்கு வாங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேடம் நிமிர்ந்து பார்க்க முடியாமல் கேட்டார்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"எனக்கு ஏது மேடம் கணக்கு? அஞ்சு மூட்டை போட்டும், இன்னும் அமிலம் இருக்குன்னு டெஸ்ட் காகிதம் சிவப்பாவே இருந்துச்சு. பச்சையாகுற வரைக்கும் போட்டேன். நீங்க புதுசு. நாலு பேர் முன்னாடி சொன்னா உங்களுக்கு அசிங்கம். அதான் அந்தச் சிவப்புக் காகிதத்தை தினமும் உங்க சீட்டு மேலயே வெச்சுட்டுப் போனேன்."

மேடம் தன் மேஜையைத் திரும்பிப் பார்த்தார்.

மேஜைக்கு மேலே, போன வாரம் அவர் தன் கையால் எழுதி ஒட்டிய காகிதம்: 'ஈரக் குப்பையை இங்கே வைக்காதீர்கள்.'