படகில் ஏறாத புத்தகம்

"அந்தப் புத்தகம் அப்படி என்ன பாவம் பண்ணுச்சுன்னு கரையிலயே போட்டுட்டு வந்தீங்க?"

படகில் உட்கார்ந்ததிலிருந்து ஹஸ்னா இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதுல அது நடக்குதும்மா," என்றார் படகோட்டி காச்சோ, பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டியபடி.

"எது?"

"அதை இங்க சொல்லக்கூடாது."

மந்தார் இனத்துக் கடல்காரர்களுக்கு அப்படி ஒரு விலக்கு. படகு மூழ்குவதைப் பற்றிப் படகில் இருந்துகொண்டு பேசக்கூடாது. காச்சோ இன்னும் ஒரு படி மேலே. அந்த மாதிரிக் கதை உள்ள புத்தகத்தையே ஏற்ற மாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பார்.

ஹஸ்னாவோ நகரத்து நூலகத்துக்காரி. புத்தகப் பெட்டிகளோடு தீவு தீவாகப் போய், பிள்ளைகளைப் படிக்க வைத்து, சாயங்காலம் அத்தனையையும் எண்ணித் திரும்ப ஏற்ற வேண்டியவள். பிள்ளைகள் கேட்பதெல்லாம் சாகசக் கதைதான். சாகசக் கதையில் படகு மூழ்காமல் எப்படி இருக்கும்?

"ஏத்தும்போதே சொல்ல வேண்டியதுதானே?"

"அப்ப எனக்குத் தெரியாதே. புள்ளைங்க படிச்சுச் சொன்னப்புறம்தான தெரிஞ்சுது."

"எங்க மேலதிகாரி கேட்டா நான் என்ன சொல்றது?"

"கடல்காரன் விலக்குன்னு சொல்லு. அவரும் மந்தார்க்காரர்தான். அதுக்கு மேல கேக்க மாட்டார்."

படித்தவள் ஒருத்தி இந்த மூடநம்பிக்கைக்குத் தலையாட்ட வேண்டியிருக்கிறதே என்று ஹஸ்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த தீவில் இறங்கியதும் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். ஆளைப் பார்த்துக் கதை எடுத்துக் கொடுப்பதில் ஹஸ்னா கெட்டிக்காரி. மர்தியா என்ற சிறுமி மட்டும் கடைசிவரை ஒதுங்கி நின்றாள்.

"உனக்கு எந்த மாதிரிக் கதை வேணும்?"

"பயமாவும் இருக்கணும் அக்கா. சிரிப்பும் வரணும்."

"ரெண்டும் ஒரே நேரத்துலயா?"

"ஆமா."

ஹஸ்னா பெட்டியின் அடியிலிருந்து ஒன்றை உருவினாள். ஊர்ப் பானையைத் திருடிய பூதத்தைத் தேடி, ஒரு பையனும் வாயாடி ஆடும் மலையேறுகிற கதை.

"இதைப் படி. அந்த ஆடு பேசப் பேச உனக்கு வயிறு வலிக்கும்."

மதியம் தீவே அசந்து கிடந்தது. மர நிழலில் பிள்ளைகள் மல்லாந்தும் குப்புறவும் படுத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். அலை வருவதும் தெரியவில்லை, போவதும் தெரியவில்லை. அவ்வப்போது எங்கோ ஒரு சிரிப்பு கேட்கும், பிறகு ஏடு புரளும் சத்தம். யாரோ கொடுத்த மரவள்ளி ரொட்டியும் சுட்ட மீனும் உள்ளே போக, ஹஸ்னாவுக்குக் கண் சொருகியது. பாதித் தூக்கத்தில் அவளும் ஒரு மலையில் ஏறிக்கொண்டிருந்தாள். முன்னால் ஆடு போனது. எவ்வளவு சுகமான வேலை இது என்று நினைத்துக்கொண்டாள்.

"காத்து திரும்புது, கிளம்பணும்," என்ற காச்சோவின் குரலில்தான் முழிப்பு வந்தது.

புத்தகங்கள் ஒவ்வொன்றாகப் பெட்டிக்கு வந்தன. மர்தியாவுடையது மட்டும் வரவில்லை. அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு விரலை நடுப்பக்கத்தில் விட்டிருந்தாள்.

"அக்கா, இன்னும் பாதி இருக்கு. பூதம் இப்பத்தான் ஆட்டைப் பாத்திருக்கு."

"அடுத்த தடவை வரும்போது படிக்கலாம்டா."

"அடுத்த தடவை வேற பெட்டிதானே வரும்?"

அது உண்மைதான். மனசு கேட்கவில்லை, ஆனாலும் கையை நீட்டினாள். மர்தியா அழவில்லை. விரலை மெதுவாக வெளியே எடுத்துவிட்டுப் புத்தகத்தைக் கொடுத்தாள்.

இடுப்பளவு தண்ணீரில் நின்று பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்த காச்சோ கரைக்கு வந்தார்.

"ஏம்மா, இதுல அது நடக்குதா?" என்று மர்தியாவிடம் கேட்டார்.

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

"இல்ல மாமா. இதுல கடலே கிடையாது. எல்லாம் மலைதான்."

"முழுசாப் படிச்சிட்டியா?"

"பாதிதான்."

"அப்ப உனக்கு எப்படித் தெரியும்? பின்னால நடக்கும். இது என் படகுல ஏறாது."

ஹஸ்னாவுக்கு வந்த கோபத்தில் வார்த்தை தடுமாறியது. அந்தக் கதையை அவள் இரண்டு முறை படித்திருக்கிறாள். மலை, குகை, ஆடு, பானை. ஒரு ஓடம்கூடக் கிடையாது. இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

அப்போதுதான் கவனித்தாள். காச்சோ புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. பக்கத்திலிருந்து வெளியே எடுத்த மர்தியாவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முந்தின தீவிலும் அவர் ஏற்ற மறுத்தது, ஒரு பையன் தர மனமில்லாமல் சட்டைக்குள் வைத்திருந்த புத்தகத்தைத்தான். அதற்கு முந்தின தீவிலும் அப்படித்தான்.

"நிஜமாவா அக்கா?" என்றாள் மர்தியா. "பின்னால படகு மூழ்குமா?"

ஹஸ்னா இன்னும் படகில் ஏறவில்லை. கால் மணலில்தான் இருந்தது. அந்த வார்த்தையைச் சொல்லலாம்.

"மூழ்கும்டா," என்று புத்தகத்தை அவள் கையிலேயே திரும்ப வைத்தாள். "கடைசி அத்தியாயத்துல, மலை உச்சியில, பெரிய கப்பலே மூழ்குது."