முதல் பாகத்தை முடித்தவன்

"நாளைக்குத் தவசிக்குக் கல்யாணம். திருச்சுழி கோயில்ல வச்சு. ஒனக்குப் பத்திரிகை வந்துச்சா?"

சங்கரபாண்டியன் அண்ணாச்சி கேட்டதற்கு ஆஸ்டின் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னான்.

"வந்துச்சு. கிழிச்சுப் போட்டேன்."

"என்னடா இப்படிச் சொல்ற? ஒண்ணா இருந்த பயலுக."

"துரோகி கல்யாணத்துல போயி மொய் எழுதச் சொல்றீகளாண்ணாச்சி?"

அண்ணாச்சி மேஜை டிராயரைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது அவருடைய வீடியோ கேம் கடை. தொண்ணூற்றேழில் அங்கே ஒரு ஜப்பான்காரன் விளையாட்டு வந்து இறங்கியது. கார் ரேஸ் மாதிரி பத்து நிமிஷத்தில் முடிகிற சங்கதி இல்லை அது. ஊர் ஊராகப் போகணும், ஆள் சேர்க்கணும், கடைசியில் அரக்கனை ஒழிக்கணும். எண்பது மணி நேரம் இழுக்கும். அன்றன்றைக்கு ஆடியது மெமரி கார்டு என்கிற சின்ன வில்லையில் பதிவாகும். அது அழிந்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்துதான்.

ஆஸ்டினும் தவசியும் ஒரே மில், ஒரே ஷிப்டு. முதல் பாகத்தைச் சேர்ந்தே ஆடினார்கள். திரையில் வருகிற இங்கிலீஷை ஆஸ்டின் வாசித்துச் சொல்வான். எந்தக் கிணற்றுக்குப் பின்னால் எது கிடக்கும் என்று தவசி மோப்பம் பிடிப்பான். நாயகனுக்கு 'ஆஸ்டின்' என்று பேர் வைக்கச் சொன்னதும் அவன்தான்.

கடைசி அரக்கன் மட்டும் பாக்கி. அந்த நேரம் பார்த்து ஆஸ்டினுக்கு மஞ்சள் காமாலை வந்தது.

ஒரு மாதம் படுத்துக் கிடந்துவிட்டு வந்து பார்த்தால், கடைக் கார்டில் அவன் ஆட்டத்தைக் காணோம்.

"தவசிதான் தெனமும் வந்து தனியா ஒக்காந்து ஆடிட்டுப் போனான்" என்றார் அண்ணாச்சி.

போதாதா? அத்தனை பேர் முன்னாலும் ஆஸ்டின் கத்தினான். "நான் சாகக் கெடந்தப்ப எல்லாத்தையும் அழிச்சுட்டுத் தனியா ஆடுனியால? பொறாமை புடிச்ச நாயே!"

தவசி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். குற்றம் செய்தவன் வேறெப்படி நிற்பான்? கொஞ்ச நாளில் வேலையை விட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டான். ரெண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

இன்றைக்கு அதே விளையாட்டின் ரெண்டாம் பாகம் வந்திருந்தது. அண்ணாச்சி மேஜை டிராயரிலிருந்து ஒரு கார்டை எடுத்துக் கொடுத்தார்.

"இதைப் போட்டு ஆடு."

புது ஊர், புது நாயகன். ஆனால் முதல் பாகம் ஆடினவனுக்கு மட்டும் புரிகிற மாதிரி அங்கங்கே எதையாவது ஒளித்து வைத்திருந்தான் அந்த ஜப்பான்காரன். சத்திரத்துச் சுவரில் ஒரு முறிந்த வாள் தொங்கியது. மற்றவனுக்கு அது வெறும் வாள். முதல் பாகத்தின் மூன்றாவது குகையில் அதே வாள் முறிந்தபோது தவசி ஸ்டூலோடு பின்னால் சாய்ந்து விழுந்தது ஆஸ்டினுக்குத்தான் தெரியும்.

"ஏலே, பாத்தியா..." என்று பக்கத்தில் திரும்பினான்.

ஸ்டூல் காலியாக இருந்தது. சுருக்கென்று வலித்தது. அந்த வலிக்கும் சேர்த்துத் தவசி மேலேயே கோபம் வந்தது.

ஊர் நடுவில் ஒரு சிலை நின்றது. பட்டனை அமுக்கினான். எழுத்து வந்தது.

'முன்னொரு காலத்தில் அரக்கனைக் கொன்று இந்த உலகைக் காத்த மாவீரன், ஆஸ்டின்.'

"அண்ணாச்சி! எம் பேரு எப்படி இதுல வந்துச்சு?"

"பழைய ஆட்டம் கார்டுல இருந்தா, அந்தப் பேரை எடுத்துச் சிலையில போட்டுருமாம். சிடி குடுத்தவன் சொன்னான்."

"அப்ப என் ஆட்டம் அழியவே இல்ல! வேற கார்டுக்கு மாத்தி ஒளிச்சு வச்சிருக்கான், திருட்டுப் பய!"

"மொதப் பாகத்தை முழுசா முடிச்சவன் பேரைத்தான் போடுமாம்டா. நீ எங்க முடிச்ச?"

அண்ணாச்சி அந்தக் காலி ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார்.

"ஒன் ஆட்டத்தை அழிச்சது நான். கார்டுல எடமில்லைன்னு ஒருத்தன் நச்சரிச்சான். எது யாருதுன்னு பாக்காம அமுக்கிட்டேன். தவசி பாத்துட்டான். 'ஆஸ்டினுக்குத் தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவான், அவன் வாரதுக்குள்ள நான் ஆடி வச்சுர்றேன்'னு புதுக் கார்டு வாங்கியாந்து, ஒம் பேரைப் போட்டு மொதல்லேருந்து ஆரம்பிச்சான். இப்ப நீ போட்டிருக்கது அந்தக் கார்டுதான்."

"அவனுக்கு இங்கிலீஷு தெரியாதே!"

"நீ வாசிச்சுச் சொன்னதையெல்லாம் ஞாபகத்துல வச்சே ஆடுனான்."

"அன்னைக்கு நான் கத்துனப்ப ஏன் சொல்லல?"

"உண்மை தெரிஞ்சா நீயும் மில்லுப் பயகளும் கடைப்பக்கமே வரமாட்டீகன்னு எனக்குப் பயம். சொல்லிராதப்பான்னு அவன் கையைப் புடிச்சுக் கெஞ்சிட்டேன். இத்தனை நாளா அது என்னை அறுத்துக்கிட்டுக் கெடக்கு."

ஆஸ்டின் சிலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் படுத்துக் கெடந்த அந்த ஒரு மாசத்துலயா எல்லாத்தையும் ஆடி முடிச்சான்?"

"இல்லடா. நீ வந்து நிக்கையில பாதிதான் முடிஞ்சிருந்துச்சு. மிச்சப் பாதி, நீ அவனை நாயேன்னு திட்டுனதுக்கு அப்புறம் வந்து ஆடுனது."