காட்டுக்குள் ஒரு கதவு

“இஞ்சினியர்! கதவை எங்கய்யா வச்சீங்க?”

ஆர்க்கிடெக்ட் மேடம் சுவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே கூடத்தைச் சுற்றி வந்தார். சுவர் முழுக்கக் காடு. அடிமரங்கள், கொடிகள், இலைகளுக்கு நடுவே விழும் வெயில். தொட்டால் நிஜ மரப்பட்டை போலவே சொரசொரத்தது.

கூடம் வட்டமாக இருந்தது. மூலை என்று ஒன்று இருந்தால் அங்கே போய் நின்றாவது யோசிக்கலாம், அதுவும் இல்லை.

மஞ்சள் ஹெல்மெட்டோடு இஞ்சினியர் பின்னால் வந்து நின்றதும், மேடத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

“எவ்வளவு நேரமாக் கத்துறேன்! உள்ள வந்தவ வெளிய போக வேண்டாமா? அடுத்த சைட்ல எனக்காக ஆள் காத்திருக்கு.”

“சாரி மேடம். வழியில ஒரே ட்ராஃபிக்.”

“வாய்க்கு வந்த சாக்கு! சரி, தூணுக்குப் பூசியிருக்கிற மண்ணு எங்க எடுத்தது?”

“இங்க அஸ்திவாரம் தோண்டின மண்ணுதான் மேடம். நீங்க சொன்ன மாதிரியே வெளியில இருந்து ஒரு கூடைகூட வாங்கலை.”

“அதுல குறை இல்லை. ஆனா இந்த நடு முற்றத்துல கன்னுதானே வைக்கச் சொன்னேன்? எவன் இவ்வளவு பெரிய மரத்தைக் கொண்டுவந்து நட்டது?”

இஞ்சினியர் அண்ணாந்து பார்த்தார். மரம் கூரையைத் தாண்டிப் போயிருந்தது. உச்சிக் கிளையில் ஒரு கூடு.

“விசாரிக்கிறேன் மேடம்.”

“விசாரிச்சுக் கிழிச்சீங்க.”

மேடம் மறுபடி சுவரிடம் போனார். விரல்கள் ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டே போய், கொடி முடிந்த இடத்தில் நின்றன. குரல் இறங்கிவிட்டது.

“விளையாடாதீங்க. எனக்கு மூச்சு முட்டுது. அழகா இருந்தா மட்டும் போதுமா? ஜெயில்லகூடக் கதவு கண்ணுக்குத் தெரியும். கதவு மேல காட்டை வரையச் சொன்னது யாரு?”

“நீங்கதான் மேடம்.”

“நானா?”

“கதவு கண்ணுல பட்டா பூட்டும் கண்ணுல படும், இங்க இருக்கப்போறவங்க மனசு ஏன் நோகணும்னு கேட்டீங்க. நாங்க எல்லாரும் வேண்டாம்னோம். நீங்க பிடிச்ச பிடியை விடலை.”

மேடம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் முகத்தில் மெல்ல ஒரு பெருமிதம் படர்ந்தது.

“நல்லாத்தானே சொல்லியிருக்கேன்!”

“ரொம்ப நல்லா சொன்னீங்க மேடம்.”

“ஆனா உள்ள நின்னு பாக்கலை. அங்கதான் கோட்டை விட்டுட்டேன். நாளைக்கே ஒரு கதவு வைங்க. கதவு மாதிரி இருக்கிற கதவு. பெரிய கைப்பிடியோட.”

“வச்சிடலாம் மேடம்.”

“சொல்லிட்டு நழுவிடாதீங்க.”

இஞ்சினியர் தலையாட்டினார். நின்று களைத்துப்போன மேடம் மரத்தடிக் கல்பலகையில் உட்கார்ந்தார். கூட்டிலிருந்து ஒரு குருவி எட்டிப் பார்த்தது. அவர் பார்வை அங்கே போய்த் தங்கியது.

அதற்காகவே காத்திருந்தவர்போல இஞ்சினியர் சத்தமில்லாமல் நகர்ந்தார். இலைகளுக்கு நடுவே எதையோ அழுத்தினார். ஓர் அடிமரம் விலகி அவரை வெளியே விட்டு, மறுபடி காடாக மூடிக்கொண்டது.

வெளியே, மறதி நோயாளர் இல்லத்தின் மேசையருகே வெள்ளைச் சீருடையில் இருந்த பெண் எழுந்து நின்றாள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி அவளிடம் கொடுத்தார்.

“சிஸ்டர், எங்கம்மா இன்னிக்காவது என் பேரைச் சொன்னாங்களா?”