சைவ சம்பந்தம்

பையன் வீட்டு சோபாவில் உட்கார்ந்த மறுநிமிஷமே ஸ்வர்ணாவுக்கு மீன் நாற்றம் அடித்தது. லேசான வாடையா அது? வெயிலில் கிடந்து அழுகிப்போன மீன்!

"அத்தான், உங்களுக்கு வருதா?" என்று கணவரின் காதைக் கடித்தாள்.

"வருது, வருது. பேசாம இரு" என்றார் மகாதேவன், வாயால் மூச்சு விட்டபடி.

நியூ ஜெர்ஸி பனிக்கு டிமிக்கி கொடுத்து, ஒரு வாரம் வெயில் காயவும், அப்படியே மகள் கோமதிக்கு மாப்பிள்ளை பார்க்கவும் பிளானோ நகருக்கு வந்திருந்தார்கள். வந்த வரனையெல்லாம் தட்டிக் கழித்த கோமதி, போனில் பேசிப் பழகிய இந்தப் பையனுக்குத்தான் முதன்முதலாகத் தலையாட்டியிருந்தாள். முட்டைகூடத் தொடாத திருநெல்வேலிக் குடும்பம் என்று பையனின் அம்மா ஷ்யாமளா அடித்துச் சொல்லியிருந்தாள்.

ஸ்வர்ணாவும் தன் பங்குக்குப் பட்டும் வைரமுமாகக் கிளம்பியிருந்தாள். மல்லிகைக்குத்தான் எங்கே போவது? ஹோட்டல் பார்க்கிங்கில் ஒரு மரம், இலையே தெரியாமல் வெள்ளை வெளேரென்று பூத்து நின்றது. பெயர் யாருக்குத் தெரியும்! பக்கத்துக் குப்பைத்தொட்டியின் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டே இரண்டு கொத்து ஒடித்து, தனக்கொன்றும் மகளுக்கொன்றுமாகச் செருகிவிட்டாள். நல்ல காரியத்துக்கு வெறுந்தலையோடா போவார்கள்? வழியெல்லாம் கார் ஜன்னலைத் திறந்து வைத்து, வெயில் காற்று வாங்கிக்கொண்டே வந்தார்கள்.

ஷ்யாமளா கேசரித் தட்டை நீட்டினாள். நீட்டியவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு அவசரமாக ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

'மாட்டிக்கிட்டோம்னு முழிக்கிறா பாரு' என்று ஸ்வர்ணா மனதுக்குள் கறுவினாள். ஒரு வாய் கேசரியோடு தட்டைக் கீழே வைத்தாள். தலைவலி என்று ஒரு பொய்யைச் சொல்லி எல்லோரையும் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றியதும் வெடித்தாள். "சீ! மீன் சட்டியிலேயே கேசரி கிண்டியிருக்கா! இந்தச் சம்பந்தமே வேண்டாம்!"

"நோ, அம்மா. அவரில்லேன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்!" என்று பின்சீட்டில் கோமதி அழ ஆரம்பித்தாள்.

கார் போகப் போக நாற்றம் குறையவில்லை, கூடியது. "புடவையெல்லாம் ஒட்டிக்கிச்சு, கருமம்!" என்று ஸ்வர்ணா முந்தானையை உதறினாள்.

மகாதேவனால் பொறுக்க முடியவில்லை. காரை ஓரங்கட்டி நிறுத்தி, சீட்டை முகர்ந்தார். அவள் தோளை முகர்ந்தார். தலைக்கிட்டே போனவர், "உவ்வே!" என்று பின்வாங்கினார்.

"அடியே, நாறுறது மீன் இல்லை. நீ வச்சிருக்கியே, அந்தப் பூ!"

ஸ்வர்ணா கொத்தைப் பிடுங்கி மூக்கருகே கொண்டுபோனாள். அவ்வளவுதான், தலைமுடியையே வெட்டிப் போட்டுவிடலாம் போலிருந்தது. இரண்டு கொத்தையும் வெளியே வீசினாள்.

"ஐயோ, நல்ல மனுஷங்க மேல அநியாயமாப் பழி போட்டுட்டேனே! காரைத் திருப்புங்க அத்தான், இப்பவே பேசி முடிச்சிடுவோம்."

கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்த நேரம் பார்த்து ஷ்யாமளாவிடமிருந்தே போன் வந்தது. ஸ்வர்ணா வாயெல்லாம் பல்லாக எடுத்தாள்.

"தப்பா நினைக்காதீங்க. மீன் சாப்பிடுற வீட்ல நாங்க பொண்ணு எடுக்கிறதில்ல."