கண்மாய்க்கு வந்த செங்கால் நாரை

“செங்கால் நாரையா? மஞ்சமூக்கு நாரையப் பாத்துட்டு உளறாதம்மா!”

பிரபாகரன் ஏளனமாகச் சிரித்தார். மாவட்டப் பறவை ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அவர்தான் தலைவர். இந்தப் பக்கம் எட்டியே பார்க்காத அந்த நாரையைக் கண்டதாகக் குழுவில் எழுதிய முருகலட்சுமியைக் கமுதிக் கண்மாய்க்கே வரவழைத்திருந்தார்.

பைனாகுலரில் மூலை முடுக்கெல்லாம் துழாவினார். நாமக்கோழிகள்தான் நீந்தின.

“எங்கன இருக்கு ஒன் நாரை? பொய் சொல்றவுகளுக்கு நம்ம குழுவுல எடமில்ல.”

தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று, தன் செல்போனை அவளிடம் நீட்டினார்.

“வெறுங் கண்மாயோட என்னைய ஒரு படம் எடு. எல்லாரும் பாக்கட்டும்.”

எடுக்கப்போனவள் தயங்கினாள். “சார், அங்கன…”

“பேசாம எடு!”

எடுத்தாள். ‘நாரையும் இல்லை, நரியும் இல்லை. முருகலட்சுமி இன்றோடு நீக்கப்படுகிறார்’ என்று எழுதி, படத்தைச் சரியாகப் பார்க்காமலே அனுப்பினார்.

உடனே பாராட்டுகள் குவிந்தன. ‘நாரை இல்லைன்னு வெளையாடுறீங்களா? இவ்வளவு பக்கத்துலயா! அசத்திட்டீங்க சார்!’

குழம்பிப்போய்ப் படத்தைப் பெரிதாக்கினார். அவர் முழங்கையை ஒட்டி, சிவந்த அலகும் சிவந்த கால்களுமாகச் செங்கால் நாரை ஒன்று பாதி மறைந்து நின்றது. வெடுக்கென்று திரும்பினார். அது எழும்பிப் பறந்துகொண்டிருந்தது.

“நீங்க திரும்பி நின்னதும் வந்து எறங்குச்சு,” என்றாள் முருகலட்சுமி. “கொஞ்சம் நகந்து நின்னுருந்தா படத்துல முழுசா விழுந்திருக்கும் சார்.”